மாமனோட கொறங்காடும் வாத்து ஸ்டாம்ப்பும்

போன வாரம் தாராபுரம் பக்கம் மாமன் ஊட்டுக்குப் போயிருந்தேனுங்க. அவருக்கு எட்டு ஏக்கர் கொறங்காடு இருக்குது. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், சுத்தியும் கிளுவ வேலி, உள்ள கொழுக்கட்டப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம், மேயறதுக்கு நாலு மாடு, ஒரு பட்டி ஆடு, அவ்வளவுதான். மழ பேஞ்சா தாழ்வான மூலைல ஒரு குட்ட ரொம்பிக்கும், கொக்கு வரும், ஆள்காட்டி வெறுந்தரையிலயே முட்ட வெச்சுட்டு நம்மளப் பாத்துக் கத்தும், வேலியோரம் கௌதாரி. எல்லாம் பட்டா நெலம், நாளைக்கே ஜேசிபி உட்டு வழிச்சாலும் கேக்க ஆளில்ல.

சோலாருக்கு எடம் புடிக்கற புரோக்கர் மூணு தடவ வந்துட்டாராம். பக்கத்துக் காடு ஏற்கனவே போயிருச்சு.

அமெரிக்காவுல இருக்கற மச்சான் போன்ல ஒண்ணு சொன்னான். அங்க கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்னு ஒரு பத்திரம் இருக்குதாம். நெலம் நம்ம பேர்லயே இருக்கும், மேய்க்கலாம், விக்கவும் செய்யலாம், ஆனா ப்ளாட் போடற உரிமைய மட்டும் ஒரு டிரஸ்ட்டுக்கோ அரசாங்கத்துக்கோ எழுதிக் குடுத்தர்றது, தானமா குடுத்தா வருமான வரில கழிச்சுக்கறாங்க, பொறகு யாரு வாங்குனாலும் அந்தக் கட்டு நெலத்தோடவே போகும். டகோட்டா பக்கம் வாத்து எறங்கற குட்டைகளுக்கு 1958ல இருந்து இதுக்கு வழி இருக்குது, வடிக்க மாட்டேன், மூட மாட்டேன்னு விவசாயி எழுதிக் குடுத்தாப் பணம். அந்தப் பணத்துல பெரும்பங்கு, வேட்டையாட அனுமதிக்காக வாத்து வேட்டைக்காரங்க வாங்கற ஸ்டாம்ப் காசு, அதக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு.

நம்மூர்லயும் 1882ல போட்ட ஈஸ்மென்ட் சட்டம் இருக்குதுங்க. ஆனா அது வழித்தடம், வாய்க்கா மாதிரி, ஒரு நெலத்துக்காக இன்னொரு நெலத்து மேல இருக்கற உரிம. ஆள்காட்டிக்கு ஏது பட்டா? திருப்பூர் பக்கம் நஞ்சராயன் கொளம் 2022ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்லயும் சேந்துச்சு, சந்தோசம், ஆனா கொறங்காட்டுக் குட்டைய யாரு அப்படிப் பாப்பாங்க? வனவிலங்குச் சட்டத்துல 2002 திருத்தத்துல காட்டுயிர்களப் பாதுகாக்கச் சமூகக் காப்பகம்னு ஒண்ணு வந்துச்சு, உரிமைக்காரரா முன்வந்தா தனியார் நெலத்தையும் அறிவிக்கலாம். ஆனா அப்பறம் நெலத்த வேற எதுக்கு மாத்தறதுன்னாலும் அந்தக் காப்பகத்து நிர்வாகக் கமிட்டி தீர்மானமும் அரசாங்க ஒப்புதலும் வேணும். மாமங்கிட்டச் சொன்னேன்.

"என்ற காட்டுல வெள்வேலங்காய் உலுக்க நான் மனு எழுதணுமா மாப்ள?"ன்னு கேட்டாரு.

பொழுதோட ஆட்டப் பட்டில அடச்சுட்டு வந்து கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தவரு, மெதுவாக் கேட்டாரு, "அந்த வாத்துக்காரங்க ஏக்கருக்கு என்ன குடுப்பாங்கன்னு மச்சானக் கேட்டுச் சொல்லு."