ஸ்கைரிமில் கோல்டு: செய்வது சுலபம், விற்பதுதான் வேலை

ஸ்கைரிம் வீடியோ கேமில் காசு பார்க்க வழி கேட்டால், இரும்புக் கத்தியாக அடித்துத் தள்ளு என்ற பழைய யோசனை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2011இல் கேம் வந்த புதிதில் அது சரி. 2012இல் வந்த 1.5 அப்டேட்டுக்குப் பிறகு, செய்யும் பொருளின் மதிப்பைப் பொறுத்துத்தான் ஸ்மிதிங் (கொல்லர் வேலைத் திறன்) ஏறுகிறது. 10 கோல்டு (கேமின் நாணயம்) மதிப்புள்ள கத்தியைச் செய்தால் திறனைக் காட்டும் பார் நகர்வதே தெரியாது.

அதே இரும்பைத் தங்கமாக்கினால் கதை வேறு. வைட்ரன் நகருக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்ப் என்ற கொள்ளைக்காரர் முகாம் இருக்கிறது. டிரான்ஸ்மியூட் என்ற, தாதுவை மாற்றும் ஸ்பெல்லின் (மந்திரம்) புத்தகம் அங்கேதான் கிடக்கிறது. உள்ளேயே இரும்புத் தாதும் வெட்டலாம். ஒருமுறை ஸ்பெல் போட்டால் ஓர் இரும்புத் தாது வெள்ளியாகும், இன்னொருமுறை போட்டால் அந்த வெள்ளி தங்கமாகும். ஆக 30 தாதுவுக்கு 60 முறை. ஆரம்ப நிலையில் ஒரு தடவைக்கு 88 மேஜிக்கா (மந்திர சக்தி) என்பதால், ஒன்று போட்டு ஒரு மணி நேரம் வெயிட் செய்வது என்றே ஓட்ட வேண்டியிருக்கும். அலுப்புதான், ஆனால் கூடவே அந்த மந்திர வகையின் திறனான ஆல்டரேஷனும் ஏறும். இரண்டு தங்கத் தாதுவுக்கு ஒரு கட்டி, ஒரு கட்டிக்கு இரண்டு மோதிரம். 30 தாதுவில் 30 மோதிரம், ஒவ்வொன்றும் 75 கோல்டு மதிப்பு.

மதிப்பு 75 என்றால் கைக்கு 75 வராது. ஸ்பீச் (பேரம் பேசும் திறன்) 15இல் இருக்கும்போது கடைக்காரர் கொடுப்பது மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மோதிரத்துக்கு 24தான் தேறும். தவிர, கொல்லர் மோதிரம் வாங்கமாட்டார். அவருக்கு ஆயுதம், கவசம், உலோகம், தோல் இவைதான் சரக்கு. மோதிரத்தைப் பொதுக்கடையில்தான் தள்ள வேண்டும். ஸ்பீச் 50இல் மெர்ச்சன்ட் பெர்க் (திறன் ஏறும்போது எடுக்கும் சிறப்புச் சலுகை) எடுத்தால் எதையும் யாரிடமும் விற்கலாம். கிராஃப்டிங்கில் இறங்குகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பெர்க் கிடையாது என்பது என் கட்சி.

ஸ்மிதிங் 30 ஆனதும் டுவார்வன் வில்லுக்கு மாறிவிடலாம். இரண்டு டுவார்வன் கட்டி, ஓர் இரும்புக் கட்டி, மதிப்பு 270. மார்கார்த் நகருக்கு அடியில் இருக்கும் இஞ்சுவாண்ட்-செல் போன்ற இடிபாடுகளில் டுவார்வன் (டுவெமர் என்றும் சொல்வார்கள்) உலோகத் துண்டுகள் இறைந்து கிடக்கும். கண்டதையெல்லாம் பையில் போட்டால் பாரம் தாங்காமல் நடக்கத்தான் முடியும், ஓட முடியாது. 2 எடையுள்ள சின்ன, பெரிய பிளேட்டுகளும் வளைந்த ஸ்கிராப்பும் உருக்கினால் தலா மூன்று கட்டி தரும். சாலிட் டுவெமர் மெட்டல் 25 எடை, கிடைப்பது ஐந்து கட்டி மட்டும். காக், கியர், லிவர் உருகவே உருகாது, அங்கேயே விட்டுவிடுங்கள்.

பத்து பிளேட்டில் 15 வில் ஆகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு வில்லுக்கு 87 கோல்டு என்று வைத்தால், 1000 கோல்டு வைத்திருக்கும் கொல்லர் 11 வில்லிலேயே காலி. பொதுக்கடையில் 750, மருந்துக்கடையிலும் மந்திரவாதியிடமும் தலா 500. கேமுக்குள் 48 மணி நேரம் போனால்தான் கல்லா மறுபடி நிரம்பும். எனவே விற்பதற்கு முன் வாங்குங்கள்: இரும்புக் கட்டி, தோல் வார், நிரம்பிய சோல் ஜெம் (உயிரை அடைத்து வைக்கும் கல்). நீங்கள் கொடுத்த கோல்டு அவர் கல்லாவில் சேரும், சரக்கை வைத்து அதையே திரும்ப எடுக்கலாம். வில் 10 எடை என்பதால் விற்கும் ஊரிலேயே அடிப்பது நல்லது.

வாங்கிய இரும்புக்கும் தோல் வாருக்கும் இப்போது வேலை வரும். ஒரு கட்டி, ஒரு வார், ஓர் இரும்புக் கத்தி. ஸ்மிதிங்கில் உதவாத அதே கத்தி என்சான்டிங்கில் (பொருளில் மந்திரம் ஏற்றும் திறன்) ராஜா. ஆயுதத்தின் விலையைத் தூக்குவது பெரும்பாலும் அதில் ஏற்றிய மந்திரம்தான். பேனிஷ் இருந்தால் அதுதான் உச்சம். இல்லாவிட்டால் பாராலைஸ், அப்சார்ப் ஹெல்த். இந்த மந்திரம் உள்ள ஆயுதம் முதல்முறை கையில் சிக்கினால் விற்காமல் என்சான்டர் மேசையில் உடையுங்கள். ஆயுதம் போய்விடும், மந்திரம் நிரந்தரமாக உங்களுடையது. திறன் ஏற்றுவதற்கு ‘பெட்டி’ (petty, மிகச் சிறிய) சோல் ஜெம் போதும். கிராண்ட் (மிகப் பெரிய) ஜெம்மைச் சொந்தக் கவசத்துக்கு ஒதுக்குங்கள்.

கொல்லும் எதிரியின் உயிரை ஜெம்மில் அடைக்கும் சோல் ட்ராப் மந்திரத்தில் ஒரு கண்ணி உண்டு. சின்ன ஜெம் காலியாக இல்லாவிட்டால் ஓநாயின் உயிர் கிராண்ட் ஜெம்மில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி அரைகுறையாக நிரம்பியதைத் தரையில் போட்டு எடுத்தால் காலியாகிவிடும். கிராண்ட் உயிர் வேண்டுமென்றால் மேமத் பக்கம் போங்கள்.

ரசவாதத்தில் பணம் ஜயன்ட்ஸ் டோவில் (அரக்கனின் கால்விரல்) இருக்கிறது. அதோடு கோதுமையும் க்ரீப் கிளஸ்டர் செடியும் சேர்த்தால் மூன்று விளைவுள்ள மருந்து. கால அளவு நீள்வதால் விலை எகிறும். ஹார்த்ஃபயர் என்ற கூடுதல் தொகுப்பு (DLC) இருந்தால் கோதுமையும் க்ரீப் கிளஸ்டரும் வீட்டுத் தோட்டத்திலேயே விளையும். அரக்கனின் கால்விரலுக்கு மட்டும் மெனக்கெட வேண்டும். நீலப் பட்டாம்பூச்சி இறக்கையையும் ஸ்னோபெரியையும் விற்றுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஃபோர்ட்டிஃபை என்சான்டிங், அதாவது என்சான்டிங்கைக் கூட்டும் மருந்து. 30 விநாடிதான் நிற்கும், ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு மேசை முன்னால் நின்று குடியுங்கள்.

என்சான்டிங் 100, எல்லாப் பெர்க்கும், கிராண்ட் ஜெம்: உடல், கை, மோதிரம், கழுத்தணி நான்கிலும் ஃபோர்ட்டிஃபை ஸ்மிதிங் தலா 25% வரும், மருந்தோடு மாறிமாறி ஏற்றினால் 29% வரை போகலாம். ரெஸ்டரேஷன் மருந்தில் உள்ள கேம் கோளாறை வைத்து அதற்கு மேலும் போகிறவர்கள் உண்டு. எண்கள் வரம்பு மீறி விலை மைனஸில் போகும், சேவும் கெடலாம், வேண்டாம்.

திறன் ஏறும் வேகத்தைக் கூட்டும் கார்டியன் ஸ்டோன்களையும் வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்: ஸ்மிதிங்குக்கு வாரியர், என்சான்டிங்குக்கு மேஜ், ரசவாதத்துக்கும் ஸ்பீச்சுக்கும் தீஃப், தலா 20% வேகம். ஆர்க்கேன் பிளாக்ஸ்மித் பெர்க் எடுக்கும்வரை, கவசத்தை முதலில் தீட்டிவிட்டு அப்புறம் மந்திரம் ஏற்றுங்கள். வரிசை மாறினால் தீட்டவே முடியாது. பட்டறையிலேயே உட்கார்ந்து 30 லெவல் ஏறிவிட்டு வெளியே வந்தால், எதிரிகளும் உங்கள் லெவலுக்கு ஏறியிருப்பார்கள், கத்தி பிடிக்கும் திறன் மட்டும் 20இலேயே நிற்கும். சேர்ந்த கோல்டில் கொஞ்சம் ஆயுதப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். ஒரு லெவலுக்கு ஐந்து முறைதான் பயிற்சி கிடைக்கும் என்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது.