ஐந்து அங்குலத்துக்குக் கீழே

நானும் மச்சானும் சேர்ந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே, சியரா நெவாடா அடிவாரத்தில் பத்து ஏக்கர் வாங்கினோம். ஆளுக்கு ஐந்தாகப் பிரித்து வீடு கட்டிக்கொள்ளலாம் என்று திட்டம். ஊரில் என்றால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நட்டுப் பத்திரம் பதிவதோடு முடிந்திருக்கும். இங்கே கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் மனுவை வாங்கிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "நிலத்தில் ஓக் மரம் எத்தனை?"

எங்களுக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்க்கவேண்டும் என்றே தோன்றியதில்லை.

கலிபோர்னியாவின் ஓக் காடுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் தனியார் நிலத்தில் இருக்கிறது. வேலி போட்டு 'அரசுக் காடு' என்று பலகை வைத்துக் காப்பாற்றிவிட முடியாது. அதனால் 2001-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தானாக முன்வரும் நிலக்காரருக்கு மாநிலம் பணம் தரும். ஆனால் அந்தக் கவுண்டியோ நகரமோ முதலில் ஓக் காட்டுக்கென ஒரு மேலாண்மைத் திட்டம் போட்டிருக்க வேண்டும். 2004-இல் வந்த இன்னொரு சட்டம்தான் எங்களைப் பிடித்தது. அனுமதி கேட்டு வரும் திட்டத்தால் ஓக் காடு பெரிதாகப் பாதிக்கப்படுமா என்று கவுண்டி ஆராய வேண்டும், பாதிக்கும் என்றால் ஈடு கேட்க வேண்டும். நிலப் பிரிப்பும் அதில் அடக்கம்.

மர நிபுணர் இரண்டு நாள் நடந்தார். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றி, விட்டம் ஐந்து அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு அலுமினிய வில்லையை அடித்தார். மொத்தம் 146 மரம். பெரும்பாலும் புளூ ஓக். உலகத்தில் கலிபோர்னியாவைத் தவிர வேறெங்கும் தானாக வளராத மரம். எங்கள் இரண்டு பாதையும் இரண்டு வீடும் 31 மரங்களை விழுங்கும் என்று அறிக்கை சொன்னது.

அந்த அறிக்கை திரும்பி வந்தது. கிளைகளின் விளிம்புவரை மட்டும் வட்டம் போட்டிருக்கிறீர்கள், வேர் அதையும் தாண்டி ஓடும், அதையும் வரைபடத்தில் காட்டுங்கள் என்று. இரண்டு மாதம் போனது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேர் வட்டங்களை வரைந்த பிறகுதான் நிலம் எங்களுக்கே புரிந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பாதை போதும் என்று முடிவெடுத்தோம். 31 என்பது 11 ஆனது. முதல் நாளே யாராவது அந்த வட்டங்களை வரையச் சொல்லியிருக்கலாம்.

பதினொன்றுக்கும் ஈடு கட்ட வேண்டும். மொத்தத்துக்கும் கன்று நட்டுவிடுகிறோம் என்று மச்சான் சொன்னார். முடியாது, நடுவதால் பாதிக்கு மேல் ஈடு கட்ட சட்டம் அனுமதிக்கவில்லை. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது. மரங்கொத்தி ஓட்டை போட்டுக் கொட்டை சேர்த்து வைத்திருக்கும் ஒரு கிழட்டு ஓக்குக்குப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நிற்கும் கன்று எப்படி ஈடாகும்?

மீதிப் பாதிக்கு ஓடைக்கரையில் இரண்டு ஏக்கரை ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்தோம். நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பகுதியில் யாரும், எப்போதும் கட்ட முடியாது. விற்றாலும் வாங்குகிறவரை அது கட்டுப்படுத்தும். கையெழுத்துக்கு முந்தைய இரவு மச்சான் போன் செய்தார். "மாப்ள, நாளைக்குப் பிள்ளைங்க இதை விக்கணும்னா விலை குறையுமே?" குறையும் என்றுதான் நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி, ஓடை நல்லாத்தான் இருக்கு," என்றார். மறுநாள் நோட்டரி முன்னால் அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

நடுவதற்கு நர்சரிக் கன்று வாங்கவில்லை. அக்டோபரில் எங்கள் மரங்களிலேயே கொட்டை பறித்தோம். வாளித் தண்ணீரில் போட்டால் மிதப்பது சொத்தை, மூழ்குவது தேறும். தேறியதை இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தோம். சில வாரத்தில் சிலவற்றின் முனை வெடித்து வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. இலை என்ற பேச்சே இல்லை, முதலில் வேர்தான். முதல் மழைக்குப் பிறகு ஒரு அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடினோம். எலிக்கும் மானுக்கும் குழாய், சுற்றி நாலடிக்குப் புல் வரக்கூடாது. நட்டதிலிருந்து ஏழு வருடம் பராமரிப்பது எங்கள் பொறுப்பு.

ஒரு குறை மனதை அரிக்கிறது. புளூ ஓக் காடுகளில் பல இடங்களில் கிழட்டு மரம் இருக்கிறது, அடுத்த தலைமுறை இல்லை. ஆனால் கணக்கு ஐந்து அங்குலத்தில்தான் தொடங்குகிறது. செப்டிக் குழாய்க்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று, கோட்டின் மேலேயே முழங்கால் உயரத்தில் ஒரு புளூ ஓக் நின்றது. மான் மேய்ந்து மேய்ந்து குட்டையாகிப் போனது. வயது பத்துக்கு மேலும் இருக்கலாம் என்றார் மர நிபுணர். அதற்கு வில்லையும் இல்லை, எண்ணும் இல்லை. தோண்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கோட்டை ஆறடி தள்ளிப் போட மறுபடி மனு, மறுபடி கட்டணம், மூன்று வாரம். மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை.

கம்பிக் கூண்டு போட்டு இரண்டு வருடம் ஆகிறது. தண்டு இன்னும் என் சுண்டுவிரல் அளவுதான். இந்த வசந்தத்தில் கூண்டைத் தாண்டி நாலு இலை விட்டிருக்கிறது.