ஊருக்கு ஒரு வரி

ஜூன் 17, 2025, செவ்வாய்

நேற்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கை வந்துவிட்டது. நமக்கெல்லாம் 2027 மார்ச் 1 அன்றைய நிலைதான் கணக்கு. இந்தத் தடவை சாதியும் கேட்பார்களாம். எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்டது 1931-இல்தான் கடைசி. ஆபீஸில் மதியம் முழுக்க இதே பேச்சு.

ராத்திரி சும்மா 2011 கணக்கைத் திறந்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி. வீடு, ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், பட்டியல் சாதி, பழங்குடி, படித்தவர், உழவர், விவசாயக் கூலி என்று கட்டங்கள் பக்கவாட்டில் ஓடுகின்றன. அதில் நான் இல்லை. அந்த பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணியபோது திருவல்லிக்கேணி மேன்ஷனில் கிடந்தேன். சென்னைத் தலையாகிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

அம்மா எந்தக் கட்டத்தில் இருப்பார்? வருஷத்தில் ஆறு மாசமாவது வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் குறுநிலைத் தொழிலாளி. மாடு வைத்து வீட்டுக்கு மட்டும் பால் கறந்தாலும் அது வேலைதான், விதியிலேயே இருக்கிறது. போனில் கேட்டேன்.

"வாத்தியார் வந்து எழுதினார். அப்பாதான் பதில் சொன்னார். நான் வூட்ல சும்மா இருக்கேன்னு சொன்னாரு."

விடிகாலை நாலரைக்குச் சாணி அள்ளுகிறவர்!

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் துணி துவைக்கும் முறை எனக்கு. நடுநடுவே படித்தது: கில்பர்ட் ஸ்லேட்டர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர். லீவுக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் ஊரைக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார். 1918-இல் அது புத்தகமானது. அதில் ஒன்று எங்கள் பக்கத்து இருவேல்பட்டு. திருச்சி பஸ்ஸில் எத்தனை தடவை கடந்திருப்பேன்! 1936-37-இல் மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார்கள், 1981-இல் மறுபடி, 2008-இலும். ஒரே ஊரைக் கிட்டத்தட்ட நூறு வருஷமாக விடாமல் விசாரித்திருக்கிறார்கள். பொறாமையாக இருந்தது.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று ஒரு குயர் நோட்டு வாங்கினேன்.

ஜூன் 28, சனி

அம்மாவோடு முக்கால் மணி நேரம். மேலத்தெருவைக் கோயிலிலிருந்து ஆரம்பித்தார். யார் வீடு பூட்டு, யார் பிள்ளை திருப்பூரில், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த வீட்டில் கிழவி மட்டும், எல்லாம் மளமளவென்று வந்தது. வேகமாக எழுதியும் எட்டவில்லை. நடுவில் ஒரு பழைய வரப்புத் தகராறு, அதையும் ஓரத்தில் குறித்தேன்.

அப்புறம், "காலனி சொல்லும்மா" என்றேன்.

சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அங்க யார் யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

கணக்கில் மேலத்தெருவும் ஏரிக்கரையும் காலனியும் ஒரே வருவாய் கிராமம், ஒரே வரி. நடந்தால் பத்து நிமிஷம். நாற்பது வருஷமாக எங்கள் வயலில் நடவு நடுவது அங்கிருந்து வருகிறவர்கள்தான். நாலு பெண்கள் பெயரைச் சொன்னார். அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், எது யார் வீடு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நாலு பெயரும்கூடத் தெரியாது.

"மாடு கத்துது, வைக்கிறேன்" என்றார்.

நோட்டில் அந்தப் பக்கத்தில் நாலு பெயர் மட்டும் இருக்கிறது. ஆடிக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகவேண்டும்.