இவ்வளவு சேர்த்தீர்களே, எதை எடுத்தீர்கள்? – முதுகலை படித்துக்கொண்டே கலப்புக் கற்றல் பாடம் உருவாக்கிய அனுபவம்

பகலில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டு, மாலையில் கல்வியியல் முதுகலை படித்தேன். இரண்டாம் ஆண்டுச் செயல்திட்டமாக ஒரு கலப்புக் கற்றல் பாடத்தை நானே வடிவமைத்து, என் வகுப்பிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். நேரடி வகுப்பு கொஞ்சம், இணையவழி கொஞ்சம். மின்சுற்று அலகை எடுத்துக்கொண்டேன், ஆறு வாரத்துக்கு. வேலையையும் படிப்பையும் சேர்த்து இழுக்கிற ஆசிரியர் யாராவது இதே வேலையைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், நான் தடுமாறிய இடங்களைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். நிறைய இரவுகள் மிச்சமாகும்.

முதல் வரைவை ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். வகுப்பில் வழக்கமாக நடத்துவது எதையும் தொடவில்லை. அதன் மேல் வாரத்துக்கு இரண்டு வீடியோ, ஒரு வினாடி வினா, ஒரு கலந்துரையாடல், ஒரு பயிற்சித்தாள் என்று அடுக்கினேன். வழிகாட்டிப் பேராசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவ்வளவு சேர்த்திருக்கிறீர்களே, எதை எடுத்தீர்கள்?” என்னிடம் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், என் பாடத்துக்கு மட்டும் ஒரு மாணவர் வீட்டில் வாரம் நாலு மணி நேரம் உட்கார வேண்டும். மற்ற ஆசிரியர்களும் இப்படிச் செய்தால் பிள்ளைகள் தூங்குவது எப்போது? இந்தத் துறையில் இதற்கு ‘ஒன்றரைப் பாடம்’ என்றே ஒரு பெயர் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் அமெரிக்கக் கல்வித் துறையின் 2010 தொகுப்பாய்வை உங்களையும் படிக்கச் சொல்வார்கள். கலப்பு முறையில் படித்தவர்கள், நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சராசரியாக நன்றாகச் செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. மேற்கோளாக எடுக்கப்படுவது பெரும்பாலும் அந்த வரிதான். ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் கலப்பு முறை மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன, ஆகவே பலனை இணையத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது என்றும் அதே அறிக்கை எச்சரிக்கிறது. பாடம் வடிவமைப்பவருக்கு முக்கியம் இந்த எச்சரிக்கைதான்.

சரி, எதை எடுப்பது? இங்கே எனக்குக் கைகொடுத்தது கல்வியாளர்கள் விக்கின்ஸும் மெக்டையும் 1998-இல் எழுதிய பின்னோக்கு வடிவமைப்பு முறை. முடிவில் மாணவருக்கு என்ன புரிந்திருக்க வேண்டும், புரிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம், இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டு அப்புறம்தான் பாடச் செயல்களுக்கு வர வேண்டும். நான் கடைசி வாரக் கேள்வியை முதலில் எழுதினேன்: ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. எது பிரகாசமாக எரியும், ஏன்? இந்தக் கேள்விக்கு உதவாத எல்லாவற்றையும் அடித்தேன். கலந்துரையாடல் போனது, பயிற்சித்தாள் போனது, நான் ஆசையாகத் தயாரித்த மின்சார வரலாற்று வீடியோவும் போனது.

அதே கேள்வியை முதல் வாரமே வீட்டிலிருந்து பதில் எழுதும்படி அனுப்பினேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்.” வகுப்பில் பாதிப் பேர் வேறு வேறு சொற்களில் இதையே எழுதியிருந்தார்கள். இது உலகம் முழுக்க மாணவர்களிடம் காணப்படும் தவறான புரிதல். வருஷா வருஷம் நான் சரியான விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன். தேர்வில் அதை அப்படியே எழுதியவர்களின் மனசுக்குள் அந்தத் தின்கிற பல்பு பத்திரமாகவே இருந்திருக்கிறது.

எது வகுப்பறைக்கு, எது வீட்டுக்கு என்பதை முடிவு செய்ய எனக்கு உதவியது இந்தப் பதில்தான். பிள்ளைகள் நம்புவது உடைகிற இடம் நேரில் நடக்க வேண்டும். வகுப்பில் சுற்றை இணைத்து, மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை மூன்று இடங்களில் வைத்தோம்: முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால். ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கை தூக்கிச் சொல்ல வைத்தேன். மூன்று இடத்திலும் முள் ஒரே கோட்டில் நின்றது. அந்த மாணவி எழுந்து வந்து, கம்பி ஒழுங்காக இறுக்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளே மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்துவிட்டு, “அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது?” என்று கேட்டாள். மின்னோட்டம் வேறு, ஆற்றல் வேறு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இதையே திரையில் காட்டியிருந்தால், அப்படி வரும்படி செய்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தில், திரையிலேயே சுற்றை இணைத்துப் பார்க்கும் மின்சுற்று உருவகப் பயிற்சி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதை வகுப்புக்குப் பிறகு, வீட்டு வேலையாக வைத்தேன். மூன்று பல்பு போட்டால் என்ன ஆகும், பக்க இணைப்பாக மாற்றினால் என்ன ஆகும் என்று ஒருவர் இருபது முறை தப்புச் செய்து பார்க்க 45 நிமிட வகுப்பில் இடமில்லை. வீட்டில் உண்டு.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சின்னதாக எடுங்கள். எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. என்னுடைய 24 நிமிட முதல் வீடியோவை நான்காக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்தேன். குறைந்த தரத்திலும் ஒரு பிரதி போடுங்கள். வீட்டில் ஒரே கைபேசியை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது, வீடியோ பார்க்காமல் வந்தவர்களை என்ன செய்வது என்பதுதான். இரண்டாம் வாரம் பத்துப் பேருக்கு மேல் பார்க்காமலே வந்தார்கள். பாவம் என்று முழுவதையும் மறுபடி நடத்தினேன். அடுத்த வாரம் பார்க்காதவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். எப்படியும் ஆசிரியர் சொல்லிவிடுவார் என்றால் யார் பார்ப்பார்கள்? பழைய குருடி கதவைத் திறடி என்று பழைய விரிவுரைக்கே திரும்பிக்கொண்டிருந்தேன். நாலாம் வாரத்திலிருந்து, வீடியோக் கேள்விகளுக்கு முந்தைய நாள் வந்த பதில்களில் இரண்டைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி அதிலிருந்து வகுப்பைத் தொடங்கினேன். பார்க்காதவர்கள் பின்வரிசையில் வீடியோவைப் பார்த்துவிட்டுக் குழுவில் சேர்ந்துகொள்ளலாம். யாரையும் திட்டவில்லை, திரும்ப நடத்தவும் இல்லை. தங்கள் பதில் பலகையில் வருமா என்று பிள்ளைகள் எதிர்பார்க்கத் தொடங்கியதும், பார்க்காமல் வருகிறவர்கள் தானாகவே குறைந்தார்கள்.

இனி படிப்பைச் சமாளித்த விதம். முதல் ஆண்டில் ஒவ்வொரு தாளின் ஒப்படைப்புக்கும் வேறு வேறு தலைப்பு எடுத்து அலைந்தேன். இரண்டாம் ஆண்டில் மதிப்பீட்டுத் தாளுக்கு இந்த அலகின் கேள்விகள், கற்போர் உளவியல் தாளுக்கு இந்தப் பல்புப் புரிதல் என்று எல்லாவற்றையும் ஒரே அலகைச் சுற்றி அமைத்தேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்தான். ஆனால் எழுதியதையே இன்னொரு தாளில் திரும்பக் கொடுக்க அனுமதி இருக்காது. பொருள் ஒன்றாக இருக்கலாம், எழுத்து புதிதாக இருக்க வேண்டும். பேராசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள். மாணவர்களின் பதில்களை ஆய்வில் பயன்படுத்த வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் முதலில் கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் நான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். கடிதம் வந்தது மூன்றாம் வாரம் முடிந்த பிறகு. அதற்கு முன் சேர்ந்த எதையும் ஆய்வறிக்கையில் சேர்க்க முடியவில்லை. அறிக்கை நாலாம் வாரத்திலிருந்தே தொடங்குகிறது. பள்ளி நாட்காட்டியையும் பல்கலைக்கழக நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒப்புதலுக்கு இரண்டு மாதம் ஒதுக்கிவிட்டுத் தேதி குறியுங்கள்.

பட்டம் வாங்கிவிட்டேன். இந்தப் பருவத்தில் ஒளி அலகை இதே மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடைசி வாரக் கேள்வி எழுதியாகிவிட்டது: கண்ணாடியில் தெரியும் பிம்பம் எங்கே இருக்கிறது? பதில்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. கண்ணாடியின் மேல்தான் என்று பெரும்பாலானவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீடியோ இன்னும் ஒன்றுகூடப் பதிவு செய்யவில்லை.