வாவிக்கரைக் காணிக்குச் சுற்றாடல் அனுமதி: நாங்கள் பட்ட பாடு

எங்கள் கூட்டுறவுச் சங்கம் அங்கத்தவர்களுக்காகக் கட்டவிருக்கும் 24 வீடுகளுக்கான அனுமதி ஒருவாறு கைக்கு வந்துவிட்டது. ஆனாலும், காணி கரையோர வலயத்துக்குள் வருகிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைக்காமல் ஒரு மாரியும் கோடையில் பாதியும் வீணாகிப் போனதை நினைக்கையில் இன்னும் மனம் ஆறவில்லை. மட்டக்களப்பு நகரம் இப்போது திராய்மடுப் பக்கமாக வளர்கிறது. கோட்டைக்குள் இருந்த கச்சேரியே (மாவட்டச் செயலகம்) 2024 இல் அங்கு போய்விட்டது. அந்தப் பக்கத்தில் வாவியை அண்டிக் காணி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

காணி உறுதி, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஆரம்பத் திட்டமிடல் அனுமதி ஆகியவை தடங்கலின்றி முடிந்தன. அடுத்துச் சென்ற அலுவலகத்தில்தான் கோப்பு நின்றது. "ஈ.ஐ.ஏ. (சுற்றாடல் தாக்க மதிப்பீடு) அறிக்கை இல்லாமல் இதைப் பாரமெடுக்க ஏலாது, ஐயா" என்று எழுதுவினைஞர் கோப்பைத் திறக்காமலே திருப்பித் தந்தார். 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி, வீடமைப்புத் திட்டம் ஒன்றில் வீடுகள் 1000 ஐத் தாண்டினால்தான் அது விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டம், அதாவது அத்தகைய மதிப்பீட்டு நடைமுறைக்கு உட்படும் திட்டம் ஆகும். அதேவேளை, பிரகடனப்படுத்தப்பட்ட வெள்ளப் பிரதேசம், 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீற்றர் போன்ற இடங்களில் அந்த அளவு வரம்பு செல்லாது என்பதையும் அதே வர்த்தமானி சொல்கிறது. ஆகவே யாரும் வாய்ப்பேச்சை நம்பி ஆலோசகருக்குப் பணம் கட்டிவிட வேண்டாம். முதலில் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அடிப்படைத் தகவல் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, மதிப்பீடு தேவையா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்து கிடைப்பதற்கும் கரையோர வலயக் கேள்வி தீர வேண்டியிருந்தது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 2011 இல் திருத்தப்பட்டதிலிருந்து, கடலோடு தொடர்புள்ள வாவி போன்ற நீர்நிலைகளின் ஓரத்தில் சராசரிக் கடல் மட்டத்தின் பூச்சியக் கோட்டிலிருந்து (நிலத்தின் உயரம் சராசரிக் கடல் மட்டத்துக்குச் சமமாக இருக்கும் கோடு) உள்நோக்கி 100 மீற்றரும் வலயத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. காணி அதற்குள் விழுந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பணிப்பாளர் நாயகம் கேட்டால் அச்சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி தாக்க மதிப்பீடும் செய்ய வேண்டும். வெளியே விழுந்தால் தேசிய சுற்றாடல் சட்டம் மட்டுமே. எந்தச் சட்டம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டிலேயே தங்கியிருக்கிறது. ஆனால் எங்களுக்குத் தரப்பட்ட ஆவணப் பட்டியலில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. எனவே நில அளவைப் படத்திலும் அது இல்லை.

கள ஆய்வுக்கு மார்கழியில் வந்தார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வழிவிடும் முகத்துவாரம் இன்னும் வெட்டப்படவில்லை. வாவி நிரம்பி, கண்டல் மரங்களைத் தாண்டி எங்கள் வேலிக்கட்டை வரை தண்ணீர் ஏறியிருந்தது. வந்த உத்தியோகத்தர் அளவுநாடாவின் நுனியைத் தண்ணீர் விளிம்பில் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்தே அத்திவாரம் வரும் இடத்துக்கு அளந்தார். 60 மீற்றர்கூட வரவில்லை. சட்டம் சொல்வது அன்று தண்ணீர் நின்ற இடத்தையல்ல, கடல் மட்டக் கோட்டையே என்று நாங்கள் சொன்னதற்கு, "கண்ணால் கண்டதைத்தான் நான் எழுதலாம்" என்றார். முகத்துவாரம் வெட்டியதும் சில நாட்களில் வாவி வற்றி, அவர் அளந்த விளிம்பு எங்கோ பின்னால் போய்விட்டது. ஆனால் அறிக்கை மாறவில்லை.

அதன் பிறகு உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைப் பிடித்து, நில அளவைத் திணைக்களம் உயரம் குறித்து நட்ட மட்டக்குறிக் கல்லிலிருந்து மட்டம் கொண்டுவந்து, பூச்சியக் கோட்டைப் படத்திலே வரைவித்தோம். வீடுகள் வரும் இடம் முழுவதும் 100 மீற்றருக்கு வெளியே இருந்தது. அந்தப் படத்தைச் சேர்த்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தும் பதில் வராததால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் கோப்பு யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டோம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டிய அந்த விண்ணப்பம்தான் கோப்பை மேசையிலிருந்து நகர்த்தியது. கோடையில் வேறோர் உத்தியோகத்தர் வந்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அன்றே கையெழுத்திட்டார். அவருடைய பொறுமைக்கு நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

பரிசீலனையைக் குறைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வளவையும் தனித்தனியே பார்த்து, கிரவல் கொட்டி உயர்த்த அனுமதி கொடுத்துக்கொண்டு போனால், தண்ணீர் எல்லாம் உயர்த்த வசதியில்லாத அயல் வீட்டுக்குள்ளேதான் போகும். சுனாமியில் எல்லாம் இழந்து திராய்மடுவில் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு இழப்பு வரக்கூடாது. இந்தச் சேர்ந்த பாதிப்பைத் தனி விண்ணப்பம் எதுவும் காட்டாது. அதனால்தான் நகரம் விரியும் பகுதி முழுவதற்கும் கரையோர வலயக் கோடு, வெள்ள மட்டம், வடிகான் பாதை, தொடக்கூடாத கண்டல் ஆகியவற்றை ஒரே தடவையில் ஆராய்ந்து வரைபடமாக வெளியிட வேண்டும் என்கிறேன். பிறகு வருபவர் தன் திட்டம் அதற்கு இசைகிறது என்று காட்டினால் போதும். இசையாதவற்றை மட்டும் முழுமையாக ஆராயலாம். இப்படி ஒரு பகுதி முழுவதையும் சேர்த்து ஆராயும் ஒருங்கிணைந்த மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு வட மாகாணத்துக்கு 2014 இல் வெளியானது. வளரும் நகரம் ஒன்றுக்கு அதைவிட நுணுக்கமாக, வளவு மட்டத்தில் செய்ய முடியும்.

எங்கள் படத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்திருக்கிறோம்; பக்கத்துக் காணிக்காரர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். புதிதாக விண்ணப்பிப்போர் புரட்டாதிக்கு முன்பே மட்டம் எடுத்து முடித்து, கள ஆய்வுத் திகதியையும் மாரிக்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.