பாறையில் இருக்கும் சதுரக் குழிகள்

எந்தக் கோட்டைக்குப் போனாலும் என் மனைவி முதலில் தகவல் பலகை முன்னால் போய் நிற்பாள். யார் கட்டியது, யார் யாரைக் கொன்றது, எந்த ஆண்டில் எரிந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நான் அதற்குள் பாறையைச் சுற்றி வந்து குழிகளைப் பார்க்க ஆரம்பித்திருப்பேன். கட்டடப் பொறியியல் படித்தவனுக்கு இந்த வியாதி இருக்கத்தான் செய்யும்.

நாங்கள் வழக்கமாக நடப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஃபெல்ட்சர்வால்ட் காட்டில். எல்லைக்கு அந்தப் பக்கம் அதே காடு வடக்கு வோஜ் மலைகளாகத் தொடர்கிறது. 1998 முதல் இரண்டும் சேர்ந்து ஒரே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். மலை என்றால் பனிச் சிகரங்களைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் 400, 500 மீட்டர் உயரக் குன்றுகள்தான். பீச், ஓக், பைன் மரங்கள் அடர்ந்து நிற்கும். அந்த மரங்களுக்கு மேலே திடீரென்று ஒரு சிவப்புப் பாறை தலை நீட்டும். அதன் உச்சியில் பாதிச் சுவர் ஒன்று நின்றால், அன்றைய நடைக்கு அதுதான் இலக்கு.

பாறை சிவப்பாக இருப்பதற்குக் காரணம் மணலில் கலந்த இரும்பு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி இந்தக் கல்லானது. எல்லா அடுக்கும் ஒரே பலம் கிடையாது. மெத்தென்ற அடுக்கு சீக்கிரம் கரைகிறது, கெட்டி அடுக்கு நின்றுவிடுகிறது. ஹின்டர்வைடன்டால் ஊருக்கு மேலே இருக்கும் ‘பிசாசின் மேசை’யைப் பார்த்தால் இது உடனே புரியும். 14 மீட்டர் உயரத்தில், ஒல்லியான கால்மேல் ஒரு தட்டைப் பாறை உட்கார்ந்திருக்கிறது. மேல்தட்டின் எடை மட்டும் 284 டன் என்கிறார்கள். அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, பொறியாளனாக எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை.

இந்தக் கல்லில் உளி நன்றாக இறங்கும், ஆனால் உடனே நொறுங்கிவிடாது. அதனால்தான் இங்கே பாறைமேல் கட்டியதோடு நிற்காமல் பாறைக்குள்ளேயும் கட்டியிருக்கிறார்கள். அறை, படிக்கட்டு, குதிரை லாயம், தண்ணீர்த் தொட்டி எல்லாமே குடைந்தவை. டான் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஆல்ட்டான், கிராஃபன்டான், டான்ஷ்டைன் என்று மூன்று கோட்டைகள் ஒரே முகட்டில் இருக்கின்றன. ஐந்து பாறைகள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கின்றன, அவற்றை மூன்று வீட்டார் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வீட்டு ஜன்னலிலிருந்து கல் எறிந்தால் இன்னொருவர் முற்றத்தில் விழும். பாறைக்கோட்டை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இங்கேதான் கூட்டிப்போவேன்.

சரி, குழிகளுக்கு வருகிறேன். செங்குத்தான பாறை முகத்தில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால் அங்கே ஒரு தளம் இருந்தது என்று அர்த்தம். உத்தரக் கட்டைகளின் முனையைச் செருகிய இடம் அது. அதற்கு மேலே இன்னொரு வரிசை இருந்தால் இன்னொரு மாடி. குழி பெரிதாக இருந்தால் கட்டையும் பெரிது, மேலே பாரம் அதிகம். பாறையில் சாய்வாக ஒரு கோடு வெட்டியிருந்தால் அது கூரை வந்து முட்டிய இடம். மழைநீர் பாறை வழியாக வழிந்து உள்ளே இறங்காமல் இருக்க, கூரையின் விளிம்பை அந்த வெட்டுக்குள் செருகி வைத்தார்கள். மரம் முழுக்க எரிந்தும் மக்கியும் போய்விட்டது. ஆனால் இந்த மூன்று விஷயங்களை வைத்தே, வெறும் பாறையாகத் தெரிகிற இடத்தில் மூன்று மாடி வீடு ஒன்றை மனதில் எழுப்பிவிடலாம்.

கட்டிய சுவரிலும் குழி உண்டு, அது வேறு வகை. கல்லின் முகத்தில் நடுவாக்கில் ஒரு சின்னப் பொத்தல் இருக்கும். தூக்கும்போது இரும்பு இடுக்கி பிடித்த இடம் அது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பொத்தல்கள் நிறையத் தென்படும். விளிம்பை மட்டும் ஒழுங்காகச் செதுக்கி நடுவைப் புடைப்பாக விட்ட கற்களும் அந்தக் காலத்துக்கே உரியவை. ‘முழுசாக இழைக்க நேரமில்லையா?’ என்று மனைவி கேட்டாள். அப்படியும் இருக்கலாம். ஆனால் முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி விட்டிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது. கீழே நிற்பவன் பயப்பட வேண்டுமே.

தண்ணீர்தான் இவர்களுக்குப் பெரிய தலைவலி. மணற்பாறை தண்ணீரைத் தங்கவிடாது, உச்சியில் ஊற்றும் கிடையாது. ஆகவே கூரைமேல் விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். சில இடங்களில் குழியைக் களிமண்ணால் பூசி, மணலும் சரளையும் நிரப்பி, நடுவில் ஒரு கிணறு போல எடுத்திருக்கிறார்கள். மழைநீர் மணல் வழியாக வடிந்து நடுக்கிணற்றில் சேரும். பெர்வார்ட்ஷ்டைன் கோட்டைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் போதவில்லை போலிருக்கிறது. பாறையை 104 மீட்டர் ஆழத்துக்குக் குடைந்து கிணறே எடுத்துவிட்டார்கள். அதன் விளிம்பில் நிற்கும்போது, தோண்டியவர்களுக்கு மூச்சுவிடக் காற்று எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் மனதில் ஓடியது.

பெர்வார்ட்ஷ்டைன் மனைவியின் கட்சி, ஏனென்றால் அங்கே கதை இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்த ஹன்ஸ் ஃபான் ட்ரோட்டா என்ற வீரனுக்கும் வைசன்பூர்க் மடாதிபதிக்கும் தீராத வழக்கு. அவன் ஆற்றை மறித்து அணை கட்டி ஊரைத் தண்ணீரில்லாமல் காயப்போட்டான். மடாதிபதி முறையிட்டதும் அணையை உடைத்துவிட்டு ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தான். போப் அவனைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். 1503இல் இறந்துபோனவன், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இன்னும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘ஹன்ஸ் ட்ராப்’ என்ற பூச்சாண்டியாக வந்து குறும்புக் குழந்தைகளை மிரட்டுகிறான். கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் 1591இல் எரிந்த இந்தக் கோட்டையை 1890களில் ஒருவர் வாங்கிப் புதுப்பித்தார். அதனால் எது பழையது, எது அவர் கட்டியது என்று தடவித் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதே காரணத்தால்தான் இந்தப் பகுதியின் பெரிய பெயரான ட்ரீஃபெல்ஸ்மேல் எனக்கு ஈடுபாடு குறைவு. அன்வைலர் ஊருக்கு மேலே மூன்று குன்றுகளில் மூன்று கோட்டைகள், அவற்றில் இதுதான் பேரரசரின் கோட்டை. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1193இல் சில வாரங்கள் இங்கேதான் வைத்திருந்தார்கள். அவரை விடுவிக்க ஒன்றரை லட்சம் மார்க் வெள்ளி பேசப்பட்டது. கிடைத்த பணத்தில் பேரரசர் ஆறாம் ஹென்றி சிசிலிமேல் படையெடுத்தார். வரலாறு பிரமாதம், வெளித்தோற்றமும் பிரமாதம். ஆனால் இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1938இல் நாஜி ஆட்சியில் தொடங்கிய கட்டுமானம். உள்ளே இருக்கும் கம்பீரமான மண்டபம் அப்படி ஒன்று இங்கே இருந்தது என்பதற்காகக் கட்டியது அல்ல. இப்படி இருந்திருந்தால் தங்கள் பெருமைக்கு நல்லது என்று நினைத்துக் கட்டியது. காட்சிக்கு வைத்திருக்கும் மகுடமும் நகல். குழியைப் பார்த்து நான் ஊகிக்க அங்கே எதையும் மிச்சம் வைக்கவில்லை.

நடப்பதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குபவர்களுக்கு நான் சொல்வது நோட்வைலரிலிருந்து போகும் நான்கு கோட்டைப் பாதை. முதலில் வேகல்ன்பூர்க். 570 மீட்டருக்குச் சற்று மேல், ஜெர்மன் பக்கத்துக் கோட்டைகளில் இதுதான் உயரத்தில் முதலிடம். அங்கிருந்து முகட்டிலேயே கொஞ்ச தூரம் நடந்தால் பிரான்ஸ் வந்துவிடும். எல்லைக்கல்லைக் கவனிக்காமல் தாண்டினாலும் மரத்தில் இருக்கும் வழிக்குறிகள் மாறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பக்கக் குறிகள் வோஜ் நடைக் கழகத்துடையவை. 1872இல், அல்சாஸ் ஜெர்மனியின் வசம் இருந்தபோது தொடங்கிய கழகம். அப்புறம் ஹோஹன்பூர்க், லோவன்ஷ்டைன், கடைசியாக ஃப்ளெக்கன்ஷ்டைன். ஒல்லியான நீண்ட பாறையை உள்ளும் புறமும் குடைந்து எடுத்த ஃப்ளெக்கன்ஷ்டைனில் மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும். கூட்டம் உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. அப்படியும் போகலாம். மற்ற மூன்றிலும் கேட்பாரில்லை.

இவற்றில் பலவற்றை உடைத்தது ஒரே ஆட்சி. 1680ஐ ஒட்டி பதினான்காம் லூயியின் படைகள் இந்தப் பகுதியில் கோட்டை கோட்டையாகத் தகர்த்துக்கொண்டு போயின. அதற்கு முன்பே 1525 விவசாயிகள் போரில் லிண்டல்ப்ருன் போன்றவை எரிந்திருந்தன. மிஞ்சிய கல்லைக் கீழே இருந்த ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். பாறையை மட்டும் யாராலும் தூக்கிப்போக முடியவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். குடைந்த படிகள் எத்தனையோ பேர் மிதித்துத் தேய்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். மழைக்குப் பிறகு அதில் இலை விழுந்தால் சறுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். வசந்த காலத்தில் வல்லூறு கூடு கட்டும் பாறைகளை மூடிவைப்பார்கள், பலகையை மதித்துத் திரும்பிவிடுங்கள். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது குழிகள் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் பாறை தட்டையாகிவிடும். வழியில் ஃபெல்ட்சர்வால்ட் சங்கத்தின் குடில்கள் வரும், தன்னார்வலர்கள் நடத்துபவை. சூப்பும் ரொட்டியும் அரை லிட்டர் கண்ணாடியில் சோடா கலந்த வைனும் கிடைக்கும். பல குடில்கள் வார இறுதியில்தான் திறந்திருக்கும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், கையில் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.