ஸ்பைரோமீட்டர் போட்ட நிபந்தனை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்ற அறிவிப்பு, என் கிளினிக் கணினியின் திரையில் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தது. கணினி ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிக்கு விடை கொடுத்தாக வேண்டிய நிலை. வாங்குவதுதான் வாங்குகிறோம், இந்த முறை மேக் வாங்கிவிடலாமே என்ற ஆசை அப்போதுதான் தலைதூக்கியது.

ஆசையைக் கிளப்பியவர் வீட்டிலேயே இருந்தார். என் மனைவி மகப்பேறு மருத்துவர். 2020 இறுதியில் ஆப்பிள் நிறுவனம் இன்டெல்லைக் கைவிட்டுத் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறியதே, அந்த முதல் வரிசை மேக்புக் ஏர் ஒன்றை வைத்திருக்கிறார். உள்ளே விசிறியே கிடையாது, சத்தமும் இல்லை. மின்வெட்டு வந்தால் யூ.பி.எஸ். அலறுவதைப் பற்றி நான் கவலைப்படும்போது, அவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். "நீங்களும் மாறிவிடுங்கள், நிம்மதியாக இருக்கும்" என்றார். அவருக்கு அது உண்மைதான். ஆனால் அவருடைய அல்ட்ராசவுண்ட் கருவிக்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. வேறு எந்தக் கணினியையும் அது நம்பி இருக்கவில்லை. என் கதை அப்படியல்ல.

நான் திண்டுக்கல்லில் நுரையீரல் மருத்துவம் பார்க்கிறேன். வேடசந்தூர்ப் பக்கத்துப் பஞ்சாலைகளிலிருந்து வரும் தொழிலாளர்கள் என் நோயாளிகளில் கணிசமானவர்கள். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், காசநோய் ஆகியவற்றோடு, பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸும் அவ்வப்போது வந்து நிற்கும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த நோயின் பழைய அடையாளம். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக நான் செய்யும் சோதனை ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளப்பது. அதற்கு ஸ்பைரோமீட்டர் என்ற கையடக்கமான ஒரு கருவி. அதிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. கேபிள், கேபிளின் மறுமுனையில் கணினி. கருவி காற்றோட்டத்தை அளந்து அனுப்பும், அவ்வளவுதான். கணக்கிடுவது, வரைபடம் போடுவது, சேமிப்பது எல்லாமே கணினியில் இருக்கும் மென்பொருளின் வேலை.

மேக் வாங்குவதற்கு முன் என் அன்றாட வேலைகளை ஒவ்வொன்றாக மனைவியின் கணினியில் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். பாதிக்கு மேற்பட்டவை சோதிக்கவே தேவையில்லாதவை. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் இணையதளம் பிரவுசரில் ஓடுகிறது. தனியார் மருத்துவர்களும் காசநோயை அறிவித்தே தீர வேண்டும் என்று 2012-இல் ஆணை வந்ததிலிருந்து அது என் வாடிக்கை வேலை. ஆயுஷ்மான் பாரத் சுகாதார எண் தொடர்பான வேலைகளும் பிரவுசர்தான். இவற்றுக்கு மேக், விண்டோஸ், லினக்ஸ் எதுவாக இருந்தால் என்ன? லினக்ஸ் போட்டால் பழைய கணினியே போதும், காசே செலவாகாது என்று அண்ணன் மகன் வாதாடினான். பிரவுசர் மட்டும்தான் என் தொழில் என்றால் அவன் சொன்னதைத்தான் கேட்டிருப்பேன்.

சி.டி. ஸ்கேன் படங்களில் பிரச்சினை வரும் என்று எதிர்பார்த்தேன். ஸ்கேன் சென்டர்கள் கொடுக்கும் குறுந்தகட்டில் படங்களோடு ஒரு சிறு பார்வை மென்பொருளும் இருக்கும். பெரும்பாலும் அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. மேக்கில் அதைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. தகட்டைப் போடுவதற்கே தனியாக ஒரு டிரைவ் வாங்கிச் செருக வேண்டும். இது இன்றைய விண்டோஸ் மடிக்கணினிகளுக்கும் பொருந்தும். ஆனால் தகட்டுக்குள் இருக்கும் படங்கள் டைகாம் என்ற பொதுத் தரத்தில் இருப்பவை. 1993-லிருந்து அந்தப் பெயரில் வழங்கிவரும் தரம் அது. எந்த நிறுவனத்தின் ஸ்கேனராக இருந்தாலும் படம் அந்த வடிவத்தில்தான் வெளியே வரும். மேக்கில் ஹோரோஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, தகட்டிலிருந்த கோப்புறையை அதற்குள் இழுத்துப் போட்டேன். ஒரு வெட்டுப் படம் ஏறத்தாழ அரை எம்.பி.; நெஞ்சு ஸ்கேன் ஒன்றில் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையும் மடமடவென்று ஏறின. படத்தின் கருமை வெளுப்பை நுரையீரல் தெளிவாகத் தெரியும் அளவில் வைத்து உருட்டிப் பார்த்தேன். ரேடியாலஜிஸ்ட் எழுதும் அறிக்கைக்கு இது மாற்று அல்ல. அதற்கு அவர்களிடம் தனித் திரைகள் இருக்கின்றன. என் தேவைக்கு இது தாராளம். சொல்லப்போனால் விண்டோஸில் நான் பார்த்துக்கொண்டிருந்ததைவிட வசதியாகவே இருந்தது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்கும் சக மருத்துவர்களை நினைத்துக்கொண்டேன்.

நோயாளிகளுக்குத் தமிழில் குறிப்புத் தாள் அச்சடிப்பதும் என் அன்றாட வேலை. இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, உறிஞ்சியபின் பத்து நொடி மூச்சை அடக்குவது, மருந்து எடுத்தபின் வாய் கொப்பளிப்பது. இதில் இரண்டு பக்கமும் குறையில்லை. தமிழ்99 விசைப்பலகை மேக்கில் நெடுங்காலமாகவே உண்டு. விண்டோஸ் 10-இலும் 2019-இல் வந்துவிட்டது.

இனி கருவிக்கு வருகிறேன்.

ஸ்பைரோமீட்டர் மென்பொருளுக்கு மேக் பதிப்பு கிடையாது. இது தெரிந்ததுதான். பழைய இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் என்ற வசதியால் விண்டோஸை நேரடியாகவே போட்டுக்கொள்ளலாம். எம்1-இலிருந்து அது இல்லை. இப்போதிருக்கும் வழி, பேரலல்ஸ் போன்ற மென்பொருளை வைத்து மேக்குக்குள்ளேயே ஒரு விண்டோஸை ஓட்டுவது. இதற்கு 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே ஒப்புதல் அளித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அனுமதி வாங்கி அப்படியே செய்தேன். விண்டோஸ் 11 ஓடியது. ஸ்பைரோமீட்டர் மென்பொருளை நிறுவினேன், அதுவும் திறந்தது. பழைய கணினியிலிருந்து எடுத்து வைத்திருந்த தரவுத்தளத்தைக் காட்டினேன். நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. கேபிளைச் செருகினேன். கருவி இணைக்கப்படவில்லை என்றது திரை.

இந்தத் தரவுத்தளம் எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பலம் கொண்ட மட்டும் ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு, ஆரோக்கியமானவர்களுக்கே நடுவயதில் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறையும். பஞ்சாலைத் தொழிலாளி ஒருவருக்கு அதைவிட வேகமாகக் குறைகிறதா என்பதுதான் என் கேள்வி. அதற்கு இன்றைய அளவு மட்டும் போதாது. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அதே கருவியில் ஊதிய அளவும் வேண்டும். "புதிதாக வேறு ஸ்பைரோமீட்டர் வாங்கிவிடுங்கள் டாக்டர்" என்று சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை. மென்பொருள் நிறுவனங்களோ தத்தமக்கென்று தனி வடிவத்தில் சேமிக்கின்றன. ஸ்கேன் படங்களுக்கு டைகாம் இருப்பதுபோல் இதற்கும் எல்லாரும் மதிக்கும் ஒரு பொது வடிவம் நடைமுறையில் இருந்திருந்தால், எனக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

காரணத்தைத் தேடிப் பிடித்தபோது, சிக்கல் நான் நினைத்த இடத்தில் இல்லை. எம்1 சில்லு ஆர்ம் என்ற, இன்டெல்லிலிருந்து வேறுபட்ட வகையைச் சேர்ந்தது. அதன்மேல் ஓடுவதும் ஆர்முக்கான விண்டோஸ். இன்டெல் சில்லுகளுக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை அந்த விண்டோஸ் தானே மாற்றி ஓட்டிவிடும். அதனால்தான் என் மென்பொருள் திறந்தது. ஆனால் டிரைவர், அதாவது கருவிக்கும் கணினிக்கும் நடுவே துபாஷியாக நிற்கும் நிரல், இயங்குதளத்தின் அடிமட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்வது. அதை இப்படி மாற்றி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே தனியாக எழுதித் தர வேண்டும். என் கருவிக்கு யாரும் எழுதித் தரவில்லை. சர்வீஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "இன்டெல் கணினியில் மட்டும் போடுங்கள் சார், வேறெதிலும் போடாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்து கடைக்குப் போனேன். கிளினிக்குக்கு விண்டோஸ்தான் என்று தெளிவாகிவிட்டதால் வேலை எளிது என்ற எண்ணம். கடைக்காரர் மெலிந்த ஒரு மடிக்கணினியை எடுத்து வைத்தார். விண்டோஸ் 11, எடை குறைவு, நாள் முழுவதும் பேட்டரி நிற்கும் என்றார். மேக்கில் என்னென்ன எனக்குப் பிடித்திருந்ததோ அத்தனையும் அதில் இருந்தன. உள்ளே என்ன சில்லு என்று கேட்டேன். ஸ்னாப்டிராகன். "விண்டோஸ்தான் சார், எல்லாம் ஓடும்" என்று உறுதி சொன்னார். ஸ்னாப்டிராகனும் ஆர்ம்தான். கருவியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் அனுமதியோடு செருகினோம். சாதனப் பட்டியலில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் வந்து நின்றன. பக்கத்து மேஜையில் இருந்த, அதைவிடத் தடித்த இன்டெல் கணினியில் டிரைவரை ஏற்றிச் செருகியதும் கருவி உயிர்பெற்றது. கடைப் பையன் ஒருவன் தானும் ஊதிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கைவசம் இருந்த புது ஊதுகுழலை மாட்டிக் கொடுத்தேன். "ஊது, ஊது, விடாதே" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. வரைபடம் அழகாக வந்தது. பையனுக்கு நல்ல நுரையீரல்.

இதற்குப் பிறகு, மேக்கா விண்டோஸா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. என் தொழிலில் கோடு அந்த இரண்டுக்கும் நடுவே ஓடவில்லை, இன்டெல், ஏ.எம்.டி. வகைச் சில்லுகளுக்கும் ஆர்முக்கும் நடுவே ஓடுகிறது. விண்டோஸ் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் கருவி ஓடும் என்று சொல்ல முடியாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு நண்பர் விடாமல் வாதாடினார். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் முடங்கியதைச் சொல்லி, விண்டோஸை மருத்துவர்கள் தொடவே கூடாது என்றார். அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு அதில் கிடைத்த செய்தி வேறு: ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ "கொஞ்ச நாள் ஓடட்டுமே" என்று வைத்திருக்கக் கூடாது.

முடிவில் கிளினிக்குக்கு ஓர் இன்டெல் சிறு பெட்டிக் கணினி வாங்கினேன், விண்டோஸ் 11 புரோவோடு. ஹோம் பதிப்பு மலிவுதான். ஆனால் வட்டிலுள்ள தகவலைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் முழுமையாகக் கிடைப்பது புரோவில். கணினி திருட்டுப் போனாலும் நோயாளிகளின் விவரங்கள் வெளியே போகக் கூடாது. மேக்கில் அதே வேலையைச் செய்யும் ஃபைல்வால்ட் எல்லாருக்கும் இலவசம் என்பதை இங்கே பொறாமையோடு குறிப்பிடுகிறேன். மீட்புச் சாவியைத் தாளில் அச்சடித்து வீட்டு பீரோவில் வைத்தேன். பழைய தரவுத்தளத்தை மாற்றியபின், கருவியை மூன்று லிட்டர் ஊசிக்குழலால் சரிபார்த்தேன்; வழு மூன்று சதவீதத்துக்குள் இருந்தது. பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, சில வாரங்கள் பக்கத்திலேயே வைத்திருந்த பிறகுதான் ஓரங்கட்டினேன்.

எனக்கென்று ஒரு மேக்புக் ஏரும் வாங்கிக்கொண்டேன். 2025 மார்ச்சில் வந்த எம்4, அப்போது விலை ரூ.99,900-இல் தொடங்கியது. சேமிப்பிடத்தைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் ஆரம்பத்திலேயே பெரிதாக எடுத்தேன். சி.டி. ஸ்கேன் பார்ப்பது, எழுதுவது, மருத்துவ மாநாடுகளுக்குப் படவில்லைகள் தயாரிப்பது எல்லாம் அதில். இரண்டுக்கும் நடுவே கோப்பு மாற்ற எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த பென்டிரைவ் வைத்திருக்கிறேன்; விண்டோஸின் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். முறையில் இருந்தால் மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி புது மாடல் ஸ்பைரோமீட்டரோடு வந்தார். துல்லியம், உத்தரவாதம், தவணை வசதி என்று அடுக்கினார். ஆர்ம் கணினிகளுக்கு டிரைவர் இருக்கிறதா, பழைய அளவுகளைப் பொது வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா என்று இரண்டே கேள்விகள் கேட்டேன். குறித்துக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.